அடுப்பக்காவின் சாட்சிக் கையெழுத்து

மாலை நாலே முக்காலுக்கு அடுப்பக்கா கையுறையைக் கழற்றுவாள். ஐந்து மணிக்குள் குறிப்பேடுகள் அவள் மேஜைக்கு வந்து சேரும். ஐந்து பத்துக்குப் பேருந்து. நடுவில் கிடைக்கும் பத்து நிமிடத்தில், ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றபடி, அவள் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள். இருபத்திரண்டு வருடமாகப் போட்ட கையெழுத்து. அதுவே ஒரு நாள் எழுந்து வந்து அவளுக்கு எதிராக நிற்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடி, தாழ்வாரத்தின் கடைசி அறை. உணரிகள் செய்யும் ஆய்வகம். வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் உணர்ந்து சொல்கிற சின்னச் சின்னப் பட்டைகளை அங்கே செய்வார்கள். யோசிக்கிறவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பக்காவுக்குச் சுவர் ஓரம். பொடியை நிறுப்பது, கூழாகக் கலக்குவது, உலோகத் தாளின் மேல் மெல்லிய படலமாக இழுப்பது, இடுப்புயர மின் அடுப்புக்குள் வைத்துச் சுடுவது, எல்லாம் அவள் கை வேலை. அந்த அடுப்பின் குணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இடது மூலை கொஞ்சம் முன்கோபி, வலது மூலை சோம்பேறி. அதனால்தான் அந்தப் பெயர். அவளைவிட ஐந்து வயது மூத்த பேராசிரியரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "சார், நீங்க கூப்பிட்டா எனக்கு வயசு கூடிப் போகுது" என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். விட்டுவிடுவது அவளுக்குப் பழகிப்போன காரியம்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே எழுத வேண்டும். செய்தவர் பக்கத்தின் மேலே எழுதி, தேதி போட்டு, தன் பெயரை வைப்பார். கீழே சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு யாராவது "இது எங்கள் கண்டுபிடிப்பு" என்று சண்டைக்கு வந்தால், இந்தத் தேதியில் இது நடந்தது உண்மை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஐந்து மணிக்குத் தவறாமல் கண்ணில் படுகிற ஆள் அடுப்பக்கா. ஆகவே சாட்சியும் அவளே. சாட்சிக் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும். படித்தேன், புரிந்துகொண்டேன் என்று தொடங்கும். அதற்கு மேல் அவள் படித்ததில்லை. படித்துக்கொண்டு நின்றால் ஐந்து பத்து போய்விடும்.

ஐந்து பத்து போய்விட்டால் என்ன என்று கேட்காதீர்கள். வீட்டில் கணவர் படுக்கையில் கிடக்கிறார். ஆறு வருடமாக. தபால்காரராக ஊரெல்லாம் சைக்கிள் மிதித்த மனிதர், ஒரு நாள் மதியம் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கடிதத்தை நீட்டியபடியே சரிந்து விழுந்தார். இடது கையும் இடது காலும் அன்றோடு ஓய்வு பெற்றுக்கொண்டன. பகலில் மகள் பார்த்துக்கொள்கிறாள். ஆறு மணிக்கு மகளுக்குத் தொலைபேசி மையத்தில் வேலை. முன்பின் தெரியாத ஆட்களின் திட்டை இரவு வரை இனிமையான குரலில் வாங்கிக்கொள்கிற வேலை. ஆகவே ஐந்து ஐம்பதுக்கு அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவாள், மகள் வாசலில் செருப்பை மாட்டுவாள். ஆலைத் தொழிலாளிகள் ஷிப்ட் மாறுகிற மாதிரி அந்த மனிதரைக் கை மாற்றிக்கொள்வார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தலைமாட்டில் ஓர் அலாரக் கடிகாரம். அது அடிக்கும்போதெல்லாம் புரட்டல். அடுப்பக்கா ஆறு வருடமாக முழுசாகத் தூங்கியதில்லை.

ஆய்வகத்தில் அவர்கள் செய்து காப்புரிமை வாங்கிய பட்டை எதற்குத் தெரியுமா? மெத்தை உறைக்கு அடியில் விரிக்கிற பட்டை அது. நோயாளியின் உடம்பு ஒரே இடத்தில் அதிக நேரம் அழுந்திக் கிடந்தால், அதை உணர்ந்து தாதியின் மேஜையில் மணி அடிக்கும். அப்படி ஒரு பட்டையைத் தன் கையால் நூற்றுக்கணக்கில் சுட்டு எடுத்தவளின் வீட்டில் இருந்தது பழைய அலாரக் கடிகாரம்தான்.

ஒரு நாள் கீழ்த்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. காப்புரிமைப் பிரிவு. அங்கே இருக்கும் அதிகாரியை எல்லோரும் சட்டக்காரம்மா என்பார்கள். அவளுடைய அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள், மற்றதில் கோப்புகள். மாலை மூன்றரைக்குத்தான் மதியச் சாப்பாடாக இரண்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பக்காவைக் கண்டதும் கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"உட்காருங்கம்மா. இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமாங்க."

"இது?"

"அதுவும்தான். ஏங்க, ஏதாவது தப்பா போட்டுட்டேனா?"

"தப்பா? நீங்கதாம்மா இப்ப எங்க ஒரே நம்பிக்கை." சட்டக்காரம்மா பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அந்த மெத்தைப் பட்டை இருக்குல்ல, அதை ஒரு கம்பெனிக்காரங்க எங்களோடதுங்கறாங்க. நாங்கதான் முதல்ல செஞ்சோம், உங்க ஆளுங்க எங்ககிட்ட கேட்டு வந்து செஞ்சாங்கன்னு வழக்கு. யார் முதல்லன்னு காட்ட இந்தக் குறிப்பேட்டுத் தேதிங்கதான் இருக்கு. அந்தத் தேதி உண்மைன்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. பக்கத்துக்குப் பக்கம் நீங்கதான் சாட்சி."

அடுப்பக்காவுக்கு நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் ஒருவருக்கு ஒரே நம்பிக்கையாக இருக்கிறாள்.

"அதனால இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க. உறுதிமொழிதான். இது எல்லாம் என் கையெழுத்து, நான் அந்தந்தத் தேதியிலேயே போட்டது, இந்தக் கண்டுபிடிப்புல எனக்கு எந்தப் பங்கும் இல்ல. அவ்வளவுதான்."

"பங்கு இல்லன்னா?"

"நீங்க வெறும் சாட்சின்னு அர்த்தம். கண்டுபிடிச்சவரே தனக்குச் சாட்சி சொல்ல முடியாதில்லையா? அதான் ஒவ்வொரு பக்கத்துலயும் அடிச்சிருக்கே."

சட்டக்காரம்மா ஒரு குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள். அடுப்பக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள். பொடி எழுத்து மெல்ல மெல்லத் தெளிந்தது. 'மேலே உள்ளதைப் படித்தேன், புரிந்துகொண்டேன். இந்த வேலையில் எனக்குப் பங்கில்லை.' அடியில் அவளுடைய கையெழுத்து. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். ஆயிரக்கணக்கான மாலைகளில் அவள் தன் கையாலேயே, ஒரு கால் செருப்பில் வைத்தபடி, எனக்குப் பங்கில்லை, எனக்குப் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"நாளைக்கு வந்து போடட்டுமாங்க? வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவ படிச்சுக்கறேன்."

"படிக்க என்னம்மா இருக்கு இதுல?" என்று சிரித்தாள் சட்டக்காரம்மா. ஆனாலும் தாளைக் கொடுத்தாள்.

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. என்றைக்கும் கிடைக்காத இடம். அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவே இல்லை. மனசு ஆறு வருடத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது படலம் வெடித்துக்கொண்டே இருந்த காலம். சுட்ட படலத்தை நூற்றிருபது டிகிரியில் வெளியே எடுத்து மேஜையில் ஆறவைக்க வேண்டும் என்பது பேராசிரியர் எழுதிவைத்த முறை. ஆறுகிறபோது மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். விரிசல் விழுந்த படலம் அழுத்தத்தை உணராது, சும்மாவே மணியடிக்கும். ஒன்றரை வருடம் இதே கதை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். பொடி வாசனைக்கே தும்முவார் என்பதால் தும்மல்காரர் என்று பெயர். பாவம், பொடியை மாற்றி மாற்றிப் பார்த்துத் தும்மியதுதான் மிச்சம்.

ஒரு நாள் மதியம் படலம் அடுப்பில் இருக்கும்போது தொலைபேசி வந்தது. "உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்." அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லாமல் ஓடினாள். அணைத்திருந்தாள், கை தானாக அணைத்திருந்தது. படலம் மட்டும் உள்ளேயே கிடந்தது.

பத்து நாள் கழித்து, மருத்துவமனை நாற்றம் துணியில் ஒட்டியிருக்க, வேலைக்குத் திரும்பினாள். தும்மல்காரர் குதித்துக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னைக்குப் போட்ட படலத்துல ஒரு விரிசல் இல்லக்கா! புதுப் பொடிதான் காரணம்!" மறுபடி அதே பொடியில் ஐந்து படலம் போட்டார்கள். ஐந்தும் வெடித்தன. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுப்பக்காதான் சொன்னாள். "தம்பி, பொடி இல்ல. அன்னைக்கு நான் எடுக்கவே இல்ல. அது உள்ளயே ஆறியிருக்கு."

ஆனால் கதவைச் சாத்தி ராத்திரி முழுக்க விட்டால் வேறு ஒரு தொல்லை. விரிசல் இல்லை, ஆனால் ஈரம் ஏறி, படலம் மங்கிப் போய், பாதி உணர்வு செத்துக் கிடந்தது. வெளியே எடுத்தாலும் கெட்டது, உள்ளே விட்டாலும் கெட்டது. யாரும் அவளை யோசிக்கச் சொல்லவில்லை. அவளாக யோசித்தாள். கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்தாள். முதல் ஒரு மணி நேரம் கதவு சாத்தியிருக்கும். பிறகு ஒற்றை அட்டையைக் கதவு இடுக்கில் சொருகினாள். அடுத்த மணியில் இரண்டு மடிப்பு. அப்புறம் நாலு மடிப்பு. சூடு கோபித்துக்கொள்ளாமல், யாரும் துரத்தாத விருந்தாளி மாதிரி, தன்பாட்டுக்குக் கிளம்பிப் போயிற்று. நாற்பத்தோரு படலம் அப்படி ஆறவைத்தாள். எந்தப் பொழுதில் எந்த மடிப்பு என்று திருத்தித் திருத்தி, ஐந்து பத்துக்குள் முடிகிற மாதிரிக் கொண்டுவந்தாள். நாற்பத்தோராவது படலம் கண்ணாடி போலப் பளபளவென்று வந்தது. தும்மல்காரர் அதை டிகிரிக் கணக்காக மாற்றி எழுதினார்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளில் ஒரு படிவம் சுற்றி வந்ததாம். யார் யாருக்குப் பங்கு என்று. அன்றைக்கு அவள் கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தாள். மறுநாள் வந்தபோது கேக் மிச்சம் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள்.

வீட்டு வாசலில் மகள் செருப்போடு நின்றாள். "என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

தாளை நீட்டினாள். மகள் நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க அவள் காது மடல் சிவந்தது.

"இதுல நீ கையெழுத்துப் போடப் போறியா?"

"கேக்கறாங்க."

"அம்மா, அந்த அட்டைக் கதையை எத்தன தடவ சொல்லியிருக்க! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிப்பேன். ஒத்த அட்டை, ரெண்டு மடிப்பு, நாலு மடிப்பு. இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக் கொடுப்பியா?"

"ஏற்கெனவே கொடுத்தாச்சுடி. தினம் தினம் கொடுத்திருக்கேன்."

"அது தெரியாம கொடுத்தது!"

"பேர் வந்து என்ன ஆகப்போகுது? உங்கப்பாவைப் புரட்டிப் போட அந்தப் பேரா வரும்? உனக்கு நேரமாச்சு, கிளம்பு."

"நான் இன்னைக்கு லேட்டா போறேன். திட்டட்டும். திட்டு வாங்கறதுதானே என் வேலையே." மகள் செருப்பைக் கழற்றி மூலையில் வீசினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. நாக்கு ஒத்துழைக்காத, இழுத்து இழுத்து வருகிற குரல். "என்ன... அங்க சண்டை? தபால் ஏதாவது... வந்திருக்கா?"

அடுப்பக்கா அருகில் போய் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் கதை அடுத்த வீட்டுக்காரியின் கதை போல இருந்தது. பேராசிரியர் கெட்டவரில்லை என்றாள். தானும் கண்டுபிடித்தவள் என்று நின்றால் தன் சாட்சி செல்லாது, சாட்சி செல்லாவிட்டால் மொத்தமும் போய்விடலாம் என்றாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது என்றாள். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

"அந்தத் தாளை... படி" என்றார் கணவர்.

படித்தாள். 'இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை' என்ற இடத்தில் அவள் குரல் இடறியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தாள். "முப்பது வருஷம்... தபால் கொடுத்தேன். விலாசம் தப்பான தபாலை... ஒருநாளும் கொடுத்ததில்ல." நல்ல கை எழும்பித் தாளைத் தட்டியது. "இது உன் விலாசம் இல்ல. திருப்பி அனுப்பு."

"அப்படிச் சொல்லுங்கப்பா!" என்றாள் மகள்.

"நீ... வேலைக்குப் போ. அங்க நாலு பேர்... திட்டக் காத்திருப்பாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அடுப்பக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அலாரம் அடித்தது. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் புரட்டினார்கள்.

மறுநாள் காலை அடுப்பைச் சூடேற்றிவிட்டு, தும்மல்காரரின் பழைய குறிப்பேட்டின் நகலை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனாள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருடம். கோட்டு தோளில் தொங்குகிற அளவுக்கு இளைத்துப் போயிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இந்த அட்டை விஷயம் ஞாபகம் இருக்கா?"

"எந்த அட்டை அக்கா?"

பக்கத்தைக் காட்டினாள். தும்மல்காரரின் கிறுக்கல் எழுத்தில், டிகிரிக் கணக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி: 'அக்கா: கதவு இடுக்கில் அட்டை. 1, 2, 4 மடிப்பு.' அவர் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"நான் அப்ப ரெண்டு மாசம் வெளியூர்ல பாடம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தேன், படலம் வெடிக்கல. எப்படின்னு கேட்டேனா? கேட்டிருப்பேன். அவன் டிகிரிக் கணக்கைக் காட்டியிருப்பான்." அவர் பொடி டப்பாவின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இது உங்க யோசனையா அக்கா? இத்தன வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேக்கலையே சார்."

"பக்கத்துலயே எழுதியிருக்கு. நான் படிக்கல."

"நானும்தான் படிக்கல சார். படிச்சேன், புரிஞ்சுதுன்னு கீழ கையெழுத்தே போட்டிருக்கேன்."

அவர் சிரிக்க முயன்றார். பாதியிலேயே நின்றுவிட்டது. "இதுக்கு முன்னாடி எட்டுக் கண்டுபிடிப்பு அனுப்பினேன். எட்டும் திரும்பி வந்துச்சு. இது ஒண்ணுதான் நின்னுச்சு. நீங்க உள்ள வந்தா சாட்சி இல்ல. சாட்சி இல்லன்னா தேதி இல்ல. தேதி இல்லன்னா..." கையை விரித்தார். "கையெழுத்துப் போட்டுடுங்கன்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. கேக்க மாட்டேன். அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல. ஆனா கேக்கணும்னு தோணுது அக்கா. அதை மறைக்க மாட்டேன்."

அவர் அதட்டியிருந்தால் அடுப்பக்கா சண்டை போட்டிருப்பாள். அவர் அழுதிருந்தாலும் தேற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவரோ மனுஷனாகப் பேசிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அடுப்பின் முன்னால் வந்து நின்றாள். கண்ணீர் வந்தது. அடுப்பின் அனல் அதைக் கன்னத்திலேயே உலர்த்திவிட்டது. துடைக்கிற வேலைகூட மிச்சம்.

மதியம் கீழே போனாள். சட்டக்காரம்மாவின் மேஜையில் குனிந்து, பங்கில்லை என்ற வரியைக் கோடு போட்டு அடித்தாள். அதற்குக் கீழே, ஓரத்திலும் பின்பக்கத்திலுமாக, தன் எழுத்தில் எழுதினாள். கணவர் விழுந்த நாளில் படலம் உள்ளேயே இருந்துபோனதை எழுதினாள். ஒற்றை அட்டை எத்தனை நிமிடம், இரண்டு மடிப்பு எப்போது, இடது மூலைக் கோபத்துக்கு என்ன வைத்தியம், எல்லாம் எழுதினாள். மற்றபடி பொடியும் பட்டையும் பேராசிரியருடையது, தேதிகள் உண்மை, அதற்கு நான் சாட்சி என்றும் எழுதினாள்.

சட்டக்காரம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கம் வரை படித்தாள். "அம்மா, இது வெடிகுண்டு. எதிர்த் தரப்பு வக்கீல் கையில கிடைச்சா முதல் வேலையா உங்க சாட்சியத்தான் கிழிப்பான். கண்டுபிடிச்சவளே சாட்சியான்னு கேப்பான்."

"தெரியும்ங்க."

"யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

"யாரும் இல்லங்க. இத்தன நாள் படிக்காம போட்டேன். இன்னைக்குத்தான் படிச்சுட்டுப் போடறேன்." கையெழுத்தைப் போட்டுத் தேதியையும் போட்டாள்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம். அந்த மாதங்களை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால், வேலைக்கு வந்து போய்க் கடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னல் ஓரத்தில் பேச்சு குறைந்தது. அவள் உள்ளே வந்தால் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அக்கா அக்கா என்று சுற்றி வந்தவர்கள் திடீரென்று மேடம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அது அவளுக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. குறிப்பேடுகள் அவள் மேஜைக்கு வருவது நின்றது. ஐந்து மணிக்குக் கையில் வேலையில்லாமல், இரண்டு கால்களையும் செருப்பில் நுழைத்தபடி, அவள் பேருந்துக்குக் காத்து நின்றாள்.

தொலைவில் ஏதோ நாட்டில் வேலையிலிருந்த தும்மல்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். "அட்டையா? ஆமா, அக்காதான். நான் டிகிரி மட்டும்தான் எழுதினேன்" என்றவர், தும்மிவிட்டு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாராம். அதைச் சட்டக்காரம்மா சொன்ன அன்றைக்கு மட்டும் அடுப்பக்கா கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள்.

விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல் அவளை ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார். எல்லாம் சட்டக்காரம்மா சொன்னபடியே நடந்தது. பங்கில்லை என்று ஆயிரம் தடவை எழுதிக் கொடுத்தவள் இப்போது பங்கு இருக்கிறது என்றால் எதை நம்புவது என்று கேட்டார். "படிக்காம போட்டேன் சார்" என்று தலை குனிந்தாள். அறையில் சிலர் சிரித்தார்கள். பிறகு, அப்படியானால் ஆறவைக்கிற முறையைச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார்கள். அவள் தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஒற்றை அட்டை, இரண்டு மடிப்பு, நாலு மடிப்பு. கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டே போக, வாய் சொல்லிக்கொண்டே போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. பொடிக்கும் பட்டைக்குமான உரிமை போய்விட்டது. அவளுடைய சாட்சியை ஏற்கவில்லை. கம்பெனிக்காரர்களின் தேதியே முந்தியது என்றார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. படலத்தை விரிசல் விழாமல் ஆறவைக்கும் முறை. கம்பெனிக்காரர்களின் தாள்களில் அது எங்குமே இல்லை. அவர்களுடைய படலமும் ஆரம்பத்தில் வெடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த முறைக்கான காப்புரிமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது பேராசிரியர். ஒரு பழுப்பு உறை. நாலரை மணி. அடுப்பின் மேல் வைக்கப் போனவர், சூடு என்று நினைத்துத் தயங்கி, கையிலேயே நீட்டினார்.

"பேர் சரியா இருக்கான்னு பாருங்க அக்கா. தப்பா அடிச்சிருந்தா திருத்த ஒரு மாசம் இருக்கு."

பிரித்தாள். கண்டுபிடித்தவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதலில் அவள் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. அடுத்தது தும்மல்காரர். மூன்றாவது பெயரைத் தேடினாள். தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

"என் பேர் இருக்காது" என்றார் பேராசிரியர். "ஆறவைக்கிறதுல நான் ஒண்ணும் செய்யலையே. நானேதான் எழுதிக் கொடுத்தேன்."

"சார்..."

"விடுங்க. ஒன்பதும் போச்சுன்னு வெச்சுக்கறேன்." அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அவர் அக்குளில் இடுக்கியிருந்த குறிப்பேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். புதியது. "இன்னைக்குக் காலைல வலது மூலைக்கு ஏதோ பண்ணீங்களே, என்ன அது?"

"ஒண்ணும் இல்ல சார். அந்தப் பக்கம் சூடு கம்மியா இருந்துச்சு. தாளைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சேன். படலம் ஒரே சீரா வந்துச்சு."

"எழுதுங்க."

"நானா?"

"செஞ்சவங்கதானே எழுதணும்."

பக்கத்தின் மேல் பாதியில் அவள் பேனா இதுவரை பட்டதே இல்லை. நாலு வரி எழுத ஐந்து நிமிடம் ஆயிற்று. தேதி போட்டாள். பெயர் எழுதினாள். குறிப்பேட்டை அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எழுதியதை முழுசாகப் படித்தார். ஓரிடத்தில், "எவ்வளவு சாய்ச்சீங்க?" என்று கேட்டு அதையும் எழுத வைத்தார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பொடி எழுத்தைச் சத்தமாக வாசித்தார். "மேலே உள்ளதைப் படித்தேன், புரிந்துகொண்டேன். இந்த வேலையில் எனக்குப் பங்கில்லை." கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு வருடத்தில் வீட்டுக்குப் போகப் போகிற மனிதரின் கையெழுத்து.

"அக்கா, மணி அஞ்சு ஏழு" என்றார்.

அவள் ஓடினாள். பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் பார்த்துவிட்டு நிறுத்தினார். நின்றுகொண்டேதான் பயணம்.

வாசலில் மகள் உறையைப் பிடுங்கிப் பார்த்து, அம்மாவைக் கட்டிப்பிடித்து, அழுது, மையெல்லாம் கலைந்து, அந்தக் கோலத்திலேயே வேலைக்கு ஓடினாள். அடுப்பக்கா உள்ளே போய்த் தாளைக் கணவரின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். முப்பது வருடம் ஊரார் பெயரையெல்லாம் படித்தவர். எழுத்து எழுத்தாக, வழியில் நின்று மூச்சு வாங்கி, அவள் பெயரைப் படித்து முடித்தார்.

"பேர்... சரி. விலாசமும் சரி." வலது கையை நீட்டி, விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். "ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு... வாங்கிக்கோ."

"என் கையெழுத்தா? போதும் சாமி" என்றாள் அவள். "கை வலிக்குது."

அலாரம் அடித்தது. தாளைத் தலைமாட்டில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.